பிக்கப்பும் பிரிட்ஜும் மாற்றிய பின் கிட்டார் ஒலி சரியில்லையா? அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மின் கிட்டாரில் புதிய பிக்கப்பையும் (தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச் சுருள்) புதிய பிரிட்ஜையும் (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பாகம்) பொருத்திய பிறகு எதிர்பார்த்த ஒலி கிடைக்காதபோது, வாங்கிய பொருளே மட்டமானது என்ற முடிவுக்குத்தான் பலரும் முதலில் வருகிறார்கள். உண்மையில் பொருளில் குறை இருப்பது அரிது. வயர் இணைப்பிலோ, பிக்கப்பின் உயரத்திலோ, பழைய பாகங்களுக்கும் புதியவற்றுக்கும் இடையிலான அளவு வேறுபாட்டிலோதான் பெரும்பாலான கோளாறுகள் இருக்கின்றன. அவற்றைக் கண்டறிய ஒரு மல்டிமீட்டர், மில்லிமீட்டர் குறியிட்ட இரும்பு ஸ்கேல், ஒரு ட்யூனர் ஆகிய மூன்றும் போதும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் சோதனை ஒன்றுதான். கிட்டாரை ஒலிபெருக்கியான ஆம்ப்பிலிருந்து கழற்றிவிட்டு, அமைதியான அறையில் அப்படியே வாசித்துப் பாருங்கள். குறை அப்போதும் காதில் விழுந்தால் அது பிரிட்ஜ், நட் (கழுத்தின் தலைமுனையில் தந்திகள் அமரும் பள்ளமிட்ட பட்டை), ஃப்ரெட் (விரற்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஆகியவற்றைச் சார்ந்தது; ஆம்ப் வழியாக மட்டுமே கேட்டால் பிக்கப்பையும் வயரிங்கையும் சார்ந்தது. இந்தப் பிரிவுக்குள் அடங்காதவை இரண்டு உண்டு. பிரிட்ஜ் ஓர் இயந்திரப் பாகம்தான் என்றாலும், தந்திகளைக் கிரவுண்டுடன் (சர்க்யூட்டின் பொதுத் தரை இணைப்பு) இணைக்கும் மின்வேலையும் அதற்கு இருக்கிறது. பிக்கப் ஒரு மின்பாகம்தான் என்றாலும், அதன் காந்தம் தந்தியை இழுத்து அதன் அதிர்வையே மாற்றிவிடக்கூடும். தவறான இடத்தில் தேடி அலைய வைப்பவை பெரும்பாலும் இவ்விரண்டுமே.

பழைய பாகங்களை இன்னும் கழற்றாதவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கழற்றுவதற்கு முன் வயரிங்கைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிக்கப்பின் உயரத்தையும் தந்தியின் உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பிக்கப்பையும் பிரிட்ஜையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால், ஒலி மேம்பட்டாலும் கெட்டாலும் எதனால் என்று சொல்ல வழியிருக்காது.

அறிகுறி: ஒலியே வரவில்லை, அல்லது மூடியைத் திருகியதும் ஒலி நின்றுவிடுகிறது

வால்யூம், டோன் இரண்டையும் முழுமையாகத் திறந்து வைத்து, கிட்டார் கேபிளை ஜாக்கில் செருகி, மறுமுனையில் உள்ள பிளக்கின் நுனியிலும் உடற்பகுதியிலும் மீட்டரின் இரு முனைகளை வைத்து மின்தடையை அளந்து பாருங்கள். ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் உள்ள வகைச் சிங்கிள் காயிலானால் (ஒற்றைச் சுருள் பிக்கப்) ஏறத்தாழ 5.5 முதல் 7 கிலோஓம் வரையும், பழைய பாணி ஹம்பக்கரானால் (முனகலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) 7 முதல் 9 கிலோஓம் வரையும், உரத்த ஒலிக்கென அதிகச் சுற்றுகள் சுற்றப்பட்ட ஹம்பக்கரானால் 13 கிலோஓமுக்கு மேலும் காட்டும். வால்யூம் பாட்டும் (குமிழுக்கு அடியில் உள்ள மாறு மின்தடை) இணையாக நிற்பதால் எண் சற்றுக் குறைவாகவே வரும். 8 கிலோஓம் பிக்கப் 500 கிலோஓம் பாட்டுடன் சேரும்போது 7.87 என்று காட்டுவது இயல்பு. இரண்டு பிக்கப்புகளும் சேர்ந்த நிலையில் ஏறத்தாழப் பாதி எண் வருவதும் இயல்பே.

எண் சுழியத்தை ஒட்டி இருந்தால் சிக்னல் வயர் எங்கோ கிரவுண்டைத் தொடுகிறது. பிக்கப்பின் எண் வராமல் பாட்டின் மதிப்பை ஒட்டிய 250 அல்லது 500 கிலோஓம் வந்தால், பிக்கப் சர்க்யூட்டில் இல்லை என்று பொருள். ஈயப்பற்று விட்டுப்போயிருக்கலாம், ஸ்விட்ச்சில் தவறான முனையில் வயர் இருக்கலாம், சுருளின் மெல்லிய கம்பி அறுந்திருக்கலாம். பிக்கப்பின் இரு வயர்களையும் பிரித்துத் தனியாக அளந்தால் எது என்று தெரிந்துவிடும்.

மூடியைத் திருகியதும் மட்டும் ஒலி நிற்கிறது என்றால், குழியின் உட்புறம் ஒட்டிய செப்புத் தகட்டையோ கடத்தும் கறுப்புப் பூச்சையோ ஜாக்கின் அல்லது ஸ்விட்ச்சின் சிக்னல் முனை தொடுகிறது என்பது ஏறக்குறைய உறுதி. அந்த இடத்தில் காப்பு நாடா ஒட்டுவதோடு, முனையைச் சற்று உள்நோக்கி வளைத்தும் விடுங்கள். நாடா காலப்போக்கில் பசை விட்டுவிடும்.

அறிகுறி: முனகல் ஒலி முன்பைவிட அதிகமாக இருக்கிறது

தந்தியைத் தொட்டதும் முனகல் குறைந்தால் கிரவுண்ட் வேலை செய்கிறது. அது கோளாறு அல்ல, எல்லாக் கிட்டார்களிலும் ஓரளவு இருப்பதே. தந்தியைத் தொட்டால் மாற்றமில்லை, ஆனால் ஜாக்கின் உலோகத் தகட்டைத் தொட்டால் குறைகிறது என்றால், பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்ட் வயர் துண்டிக்கப்பட்டிருக்கிறது. பிரிட்ஜ் மாற்றியவர்களுக்கு இது அடிக்கடி நேரும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் (ஸ்ட்ராட்) வகை ட்ரெமோலோவில் (கைப்பிடியால் சுருதியை அசைக்கும் பிரிட்ஜ்) அந்த வயர் பின்புறத்தில் ஸ்பிரிங்குகளைப் பிடிக்கும் உலோகக் கொக்கித் தகட்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும். டெலிகாஸ்டர் வகையில் பிரிட்ஜ் தகட்டுக்கு அடியில் வெறும் கம்பியாக அழுத்தப்பட்டிருக்கும். கிப்சன் பாணியில் இரு தூண்களின் மேல் நிற்கும் ட்யூன்-ஓ-மேட்டிக் வகையில் தூணுக்கான துளைக்குள் உலோக உறைக்கும் மரத்துக்கும் நடுவே சிக்கியிருக்கும். இந்த மூன்றாவது வகையில் தூண் உறையைப் பிடுங்கும்போது வயர் உள்ளே நழுவிவிடுவதைக் கவனிக்காமல் புதியதை அடித்து இறக்கிவிடுவார்கள்.

வயர் இருந்தும் இணைப்பு இல்லாமல் போவதும் உண்டு. கறுப்பு நிறப் பிரிட்ஜுகள் சிலவற்றின் மேற்பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. வயர் தொடும் இடத்தில் மட்டும் பூச்சைச் சுரண்டி உலோகத்தை வெளிக்கொணர வேண்டும். தந்திக்கும் ஜாக்கின் கிரவுண்ட் முனைக்கும் இடையே ஓரிரு ஓமுக்கு மேல் காட்டினால் வேலை முடியவில்லை என்று கொள்ளலாம்.

தந்தியைத் தொட்டால் முனகல் கூடுகிறது என்றால் ஜாக்கில் இரு வயர்களும் இடம் மாறியிருக்கின்றன, அல்லது ஒரு பிக்கப்பின் சிக்னல் வயர் கிரவுண்டில் பற்றவைக்கப்பட்டு அதன் உலோக உறை சிக்னலோடு சேர்ந்திருக்கிறது. தந்தியைத் தொடும்போது முனகல் இல்லாமல் மின்சாரம் சுண்டுவது போன்ற உணர்வு வந்தால், அது கிட்டாரின் வயரிங்கைத் தாண்டிய விஷயம். உடனே நிறுத்திவிட்டு, ஆம்ப்பையும் அது செருகப்பட்டிருக்கும் மின்இணைப்பின் எர்த்தையும் தேர்ந்தவரைக் கொண்டு சோதிக்க வேண்டும்.

மூன்று சிங்கிள் காயில்கள் உள்ள கிட்டாரில் ஸ்விட்ச்சின் 2, 4 ஆகிய, இரு பிக்கப்புகள் சேரும் இடைநிலைகளில் மட்டும் முனகல் அடங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள், நடுப் பிக்கப் எதிர்ச் சுற்றும் எதிர்த் துருவமும் கொண்டதா என்று பார்த்து வாங்கியிருக்க வேண்டும். பழமையை அப்படியே பின்பற்றும் செட்டுகளில் மூன்றும் ஒரே சுற்று, ஒரே துருவமாகவே வரும். 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தபோது அதில் மூன்று நிலை ஸ்விட்ச்தான் இருந்தது. ஐந்து நிலை ஸ்விட்ச்சை ஃபெண்டர் 1977-இல்தான் வழக்கமாக்கியது என்பதால், பழைய வடிவமைப்பில் அந்த இடைநிலைகளைப் பற்றிய அக்கறையே இல்லை. இதை வயரை மாற்றிச் சரிசெய்ய முடியாது. நடுப் பிக்கப்பின் வயர்களைத் திருப்பினால் முனகல் அடங்கும், ஆனால் இசையும் சேர்ந்து அடங்கிவிடும்.

அறிகுறி: தனித்தனியே நன்றாக இருக்கின்றன, இரண்டும் சேர்ந்தால் ஒலி மெலிந்து மூக்கடைத்ததுபோல் கேட்கிறது

ஒரு பிக்கப் மட்டும் புதிதாகவும் மற்றது பழையதாகவும் இருக்கும் கிட்டார்களில் இதைவிட அதிகம் காணப்படும் கோளாறு வேறில்லை. இரு பிக்கப்புகளின் சிக்னல்களும் எதிரெதிர்க் கட்டத்தில் (ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும் நிலையில்) இருப்பதால் அடிநாதம் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. எஞ்சுவது மெல்லிய கீச்சொலி மட்டுமே. சுருளை எந்தத் திசையில் சுற்றுவது, காந்தத்தின் எந்தத் துருவத்தை மேலே வைப்பது என்பதற்கு எல்லாத் தயாரிப்பாளர்களும் ஏற்ற பொது விதி கிடையாது. அதனால் வெவ்வேறு தயாரிப்புகளைக் கலந்து பொருத்தும்போது ஒத்துப்போவதும் போகாததும் அதிர்ஷ்டத்தின் கையில்தான்.

பற்றவைப்பதற்கு முன்பே இதைச் சோதித்துவிடலாம். மீட்டரை 20 கிலோஓம் அளவீட்டில் வைத்து, அதன் சிவப்பு முனையைப் பிக்கப்பின் சிக்னல் வயரிலும் கறுப்பு முனையைக் கிரவுண்ட் வயரிலும் இணையுங்கள். ஸ்க்ரூ டிரைவரின் இரும்புப் பகுதியைத் துருவ முனைகளின் மீது படிய வைத்து, எண் நிலைத்ததும் சட்டென மேலே எடுங்கள். எடுக்கும் நொடியில் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். இரண்டு பிக்கப்புகளிலும் ஒரே திசையில் நகர்ந்தால் அவை ஒத்த கட்டத்தில் இருக்கின்றன. ஹம்பக்கரில் ஸ்க்ரூ டிரைவரை இரு சுருள்களின் மீதும் குறுக்காகப் படுக்க வைக்க வேண்டும். எண் அங்குமிங்கும் துள்ளிக் குழப்பினால், முள் நகரும் பழைய வகை மீட்டரில் அசைவு இன்னும் தெளிவாகத் தெரியும்.

சரிசெய்வது எளிது: ஏதேனும் ஒரு பிக்கப்பின் சிக்னல் வயரையும் கிரவுண்ட் வயரையும் இடம் மாற்றினால் போதும். ஆனால் அதற்கு முன் அந்தப் பிக்கப்பின் உலோக உறையோ அடித்தகடோ எந்த வயரோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். டெலிகாஸ்டரின் கழுத்துப் பிக்கப்பில் உலோக உறை கிரவுண்ட் வயருடன் சிறு இணைப்பால் சேர்க்கப்பட்டிருக்கும். வயர்களைத் திருப்பிவிட்டால் உறை முழுவதும் சிக்னலாகிவிடும். விரல் பட்டால் முனகும், தந்தி பட்டால் ஒலி வெட்டுப்படும். எனவே அந்தச் சிறு இணைப்பைத் துண்டித்து, உறைக்கெனத் தனியாக ஒரு கிரவுண்ட் வயர் கொடுத்த பிறகே திருப்ப வேண்டும். 1950களின் கிப்சன் பாணியில் ஒற்றை வயரும் அதைச் சுற்றிப் பின்னிய உலோக உறையுமாக வரும் ஹம்பக்கரில் அந்தப் பின்னலே கிரவுண்ட் என்பதால் வயரைத் திருப்ப வழியில்லை. அங்கே மற்றப் பிக்கப்பின் வயரைத் திருப்புவதே நல்லது. காந்தத்தைக் கழற்றித் திருப்பிப் போடலாம்தான். ஆனால் அதைவிட எளிய வழி இருக்கும்போது மெழுகிட்ட சுருளைத் திறப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அறிகுறி: ஹம்பக்கர் தனியாகவே வலுவிழந்து கேட்கிறது

நான்கு வயர் ஹம்பக்கரில் இரண்டு சுருள்களும் தொடராக இணைய வேண்டும். மின்தடை, எதிர்பார்த்ததில் பாதியாக இருந்தால் ஒரு சுருள் மட்டுமே வேலை செய்கிறது. இரு சுருள்களையும் இணைக்கும் வயர்ச் சோடி கிரவுண்டைத் தொட்டுவிட்டதே பெரும்பாலும் காரணம். மின்தடை முழுமையாக இருந்தும் ஒலி மெலிந்து, முனகல் மட்டும் கூடியிருந்தால், இரு சுருள்களும் ஒன்றுக்கொன்று எதிர்க் கட்டத்தில் இணைந்திருக்கின்றன. அப்போது ஹம்பக்கர் தன் வேலையைத் தலைகீழாகச் செய்கிறது: இசையை அழித்து முனகலைக் கூட்டுகிறது.

இதற்கெல்லாம் மூலம் வயர்களின் நிறக்குறிப்பு. செய்மூர் டங்கன் பிக்கப்பில் கறுப்பு சிக்னல், பச்சை கிரவுண்ட், சிவப்பும் வெள்ளையும் தங்களுக்குள் இணைய வேண்டியவை. டிமார்சியோவில் சிவப்பு சிக்னல், பச்சை கிரவுண்ட், கறுப்பும் வெள்ளையும் இணைய வேண்டியவை. ஒன்றின் வரைபடத்தை மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. உறையற்ற வயர் இரண்டிலும் கிரவுண்டுக்கே போக வேண்டும். நிறக்குறிப்பே தெரியாத பிக்கப்பானால், மீட்டரைக் கொண்டு எந்தெந்த இரு வயர்கள் ஒரு சுருளைச் சேர்ந்தவை என்று முதலில் பிரித்து, மேலே சொன்ன ஸ்க்ரூ டிரைவர் சோதனையை ஒவ்வொரு சுருளுக்கும் தனித்தனியே செய்து ஒத்த திசையைக் கண்டுகொள்ளலாம்.

அறிகுறி: ஒலி மந்தமாக இருக்கிறது, அல்லது காதைக் கிழிக்கும் அளவுக்குக் கூர்மையாக இருக்கிறது

பிக்கப்பைக் குறைசொல்லித் திருப்பி அனுப்புபவர்களில் பெரும் பகுதியினர் இந்த அறிகுறியோடுதான் வருகிறார்கள். அவர்களில் பலருக்கும் தேவைப்பட்டது வேறு பிக்கப் அல்ல, வேறு பாட். பிக்கப்பின் சுருளும் கேபிளின் மின்தேக்குத் திறனும் சேர்ந்து, பொதுவாக 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் ஓர் ஒத்ததிர்வு மேட்டை உண்டாக்குகின்றன. கிட்டாரின் ஒலிக்குப் பளிச்சென்ற குணத்தைத் தருவது அந்த மேடுதான். வால்யூம் பாட்டும் டோன் பாட்டும் பிக்கப்புக்கு இணையாக நின்று அந்த மேட்டைத் தட்டையாக்குகின்றன. பாட்டின் மதிப்பு குறையக் குறைய மேடு தாழும். வழக்கமாகச் சிங்கிள் காயிலுக்கு 250 கிலோஓமும் ஹம்பக்கருக்கு 500 கிலோஓமும் பயன்படுத்துவது இதனால்தான். மூன்று சிங்கிள் காயில்கள் இருந்த கிட்டாரில் பழைய 250 கிலோஓம் பாட்டுகளை அப்படியே விட்டுவிட்டு ஹம்பக்கரை மட்டும் போட்டால் மந்தமாகத்தான் இருக்கும். ஹம்பக்கர் இருந்த கிட்டாரில் 500 கிலோஓம் பாட்டுகளோடு சிங்கிள் காயில் போட்டால் கூர்மை மிகும்.

பாட்டின் முதுகில் அச்சிட்ட மதிப்பை அப்படியே நம்ப வேண்டாம். 10, 20 சதவீதம் கூடக் குறைய இருப்பது வழக்கம். பற்றவைப்பதற்கு முன் அளந்துவிடுவது நல்லது. டோன் பாட் எவ்வளவு பங்களிக்கிறது என்பதை அறிய, வால்யூம் பாட்டுக்கும் டோன் பாட்டுக்கும் இடையிலான இணைப்பைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். மந்தம் விலகினால் குறை அங்கேதான் இருக்கிறது. டோன் கெப்பாசிட்டரின் மதிப்பான 0.022 அல்லது 0.047 மைக்ரோஃபாரட், குமிழைக் குறைக்கும்போதுதான் வேறுபாட்டைக் காட்டும். முழுமையாகத் திறந்திருக்கும்போது அதன் பங்கு மிகச் சிறிது. இதை அறியாமல் விலையுயர்ந்த கெப்பாசிட்டர் வாங்குவதில் பொருளில்லை. ஆம்ப்புக்குப் போகும் கேபிளோ, பலரும் கண்டுகொள்ளாத ஒன்று: நீளம் கூடக்கூட அதன் மின்தேக்குத் திறனும் கூடி, மேட்டைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. 9 மீட்டர் கேபிளில் மந்தமாகக் கேட்கும் பிக்கப்பை, எந்த மாற்றமும் செய்யாமல் 3 மீட்டர் கேபிளில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

வால்யூமைக் குறைக்கும்போது மட்டும் ஒலி மந்தமாகிறது என்றால், வால்யூம் பாட்டின் உள்வரும் முனைக்கும் நடு முனைக்கும் குறுக்கே 680 முதல் 1000 பிக்கோஃபாரட் வரையிலான சிறு கெப்பாசிட்டரையும் அதற்கு இணையாக 150 கிலோஓம் ரெசிஸ்டரையும் சேர்க்கலாம். குமிழைத் திருப்பும்போது ஒலி கடைசிவரை அசையாமல் இருந்துவிட்டு இறுதியில் மொத்தமாக மறைகிறதா? அப்படியானால் மடக்கை (லாக்) வகைப் பாட்டுக்குப் பதிலாக நேர்வகை (லீனியர்) பாட் பொருத்தப்பட்டிருக்கலாம். பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பிக்கப் போட்டவர்களுக்கும் இதே அனுபவம் நேரும். அவற்றுக்கு 25 கிலோஓம் பாட் வேண்டும். ஆக்டிவ் பிக்கப்பில் ஒலி சிதைந்து அழுங்கிக் கேட்டால், வேறெதையும் தொடுவதற்கு முன் 9 வோல்ட் பேட்டரியை அளந்து பாருங்கள்.

அறிகுறி: தடித்த தந்தியில் மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி நடுங்குகிறது

இதுதான் பிக்கப் இயந்திரப் பக்கத்தில் கைவைக்கும் இடம். 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே ஆறாவது தந்தியை வாசிக்கும்போது ஒரே சுரத்துக்குள் இரண்டு சுருதிகள் மோதுவதுபோல் அலையடித்தால், கழுத்துப் பிக்கப்பின் காந்தம் தந்தியை அதிகமாக இழுக்கிறது. அல்நிக்கோ 5 என்ற காந்தத் தண்டுகளைக் கொண்ட சிங்கிள் காயில்களில் இது மிகுதி. அடியில் ஒரே காந்தப் பட்டையை வைத்த ஹம்பக்கரில் குறைவு. பிரிட்ஜில் இன்டனேஷனை (எல்லா ஃப்ரெட்டுகளிலும் சுருதி ஒத்துப்போவதற்கான சரிசெய்தல்) எவ்வளவு திருகினாலும் சரிவராத கிட்டார்களில் உண்மையான காரணம் இதுவாக இருப்பதுண்டு. ஆகவே பிரிட்ஜைக் குறைசொல்வதற்கு முன் எல்லாப் பிக்கப்புகளையும் அடிவரை இறக்கிவிட்டு ஒருமுறை சுருதியைப் பாருங்கள்.

உயரத்தை அளக்கும்போது கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, துருவ முனைக்கும் தந்தியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். சிங்கிள் காயிலுக்குத் தடித்த தந்திப் பக்கத்தில் 2 முதல் 2.5 மில்லிமீட்டரும் மெல்லிய தந்திப் பக்கத்தில் 1.6 முதல் 2 மில்லிமீட்டரும், ஹம்பக்கருக்கு 1.6 முதல் 2.4 மில்லிமீட்டரும் தொடங்குவதற்கு ஏற்றவை. அதன் பிறகு காதுதான் அளவுகோல். அரைச் சுற்றுத் திருகினாலே ஒலி மாறுவதைக் கேட்கலாம். பணம் செலவழிக்காமல் கிடைக்கும் மேம்பாடுகளில் இதற்கு நிகர் எதுவும் இல்லை. உரத்த ஒலி வேண்டும் என்று பிக்கப்பைத் தந்தியோடு ஒட்ட உயர்த்துபவர்கள் ஒலியின் தெளிவையும் நீட்சியையும் இழக்கிறார்கள்.

அறிகுறி: ஆம்ப்பைக் கூட்டினால் பிக்கப் வீறிடுகிறது

தந்தியை விரலால் முழுதும் அடக்கிய பிறகும் வீறிடல் தொடர்ந்தால் சுருளிலோ உலோக உறையிலோ ஏதோ தளர்வாக அதிர்கிறது. பிக்கப்பை நகத்தால் தட்டினால் ஆம்ப்பில் மைக்கில் தட்டியதுபோல் கேட்கும். முதலில் பொருத்தும் ஸ்பிரிங்குகளையும் உறையின் பற்றுகளையும் பாருங்கள். டெலிகாஸ்டர் பிரிட்ஜானால் தகடு மரத்தில் சமமாகப் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். புதிய தகட்டின் ஓரம் சற்றுத் தூக்கியிருந்தால் அதுவே வீறிடும். இவை எல்லாம் சரி என்றால்தான் மெழுகூட்டலை (சுருளின் இடைவெளிகளை மெழுகால் நிரப்புவது) நினைக்க வேண்டும். நான்கு பங்கு பாரஃபினுக்கு ஒரு பங்கு தேன்மெழுகைச் சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸில் பிக்கப்பை அமிழ்த்துவார்கள். நேரடித் தீயில் மெழுகு பற்றிக்கொள்ளும். வெப்பம் மிகுந்தால் சுருளின் பிளாஸ்டிக் சட்டம் வளைந்துவிடும். பழகாதவர்கள் இந்த வேலையைத் தேர்ந்தவரிடம் கொடுப்பதே மேல்.

அறிகுறி: புதிய பிரிட்ஜில் தந்தி கறகறக்கிறது

திறந்த தந்தியில் மட்டும் கறகறத்தால் நட். குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் என்றால் ஃப்ரெட். எந்த ஃப்ரெட்டில் அழுத்தினாலும் தொடர்ந்தால் சேடில் (பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியும் அமரும் சிறு பாகம்). சேடிலில் தந்தி முன்விளிம்பில் கூர்மையாக உட்காராமல் அகன்ற பள்ளத்தில் கிடந்தால் சித்தார்போல் ஒலிக்கும். பள்ளத்தைத் தந்தியின் தடிமனுக்கேற்ற அரத்தால், முன்விளிம்பே உயர்ந்த இடமாக இருக்கும்படி, பின்னோக்கிச் சரிவாக்க வேண்டும். சேடிலின் உயரத் திருகுகளில் ஒன்று தகட்டைத் தொடாமல் அந்தரத்தில் நின்றாலும் கறகறக்கும். ட்யூன்-ஓ-மேட்டிக்கின் பழைய வடிவமான ஏபிஆர்-1 பிரிட்ஜில் சேடில்களைப் பிடித்துவைக்கும் மெல்லிய கம்பியும் இதைச் செய்யும்; எந்தப் பாகம் என்று தெரியாதபோது, வாசிக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாக விரலால் அழுத்திக்கொண்டே வந்தால், ஓசை நிற்கும் இடம் காட்டிக்கொடுத்துவிடும்.

நடுத் தந்திகள் மட்டுமோ ஓரத் தந்திகள் மட்டுமோ தாழ்ந்திருந்தால், சேடில்களின் வளைவு விரற்பலகையின் வளைவோடு ஒத்துப்போகவில்லை. பழைய ஃபெண்டர் வளைவின் ஆரம் 184 மில்லிமீட்டர், பிற்காலத்தது 241, கிப்சன் வகையில் 305. ஒவ்வொரு சேடிலையும் தனியாக உயர்த்தக்கூடிய பிரிட்ஜில் இது பிரச்சினையே அல்ல. ட்யூன்-ஓ-மேட்டிக்கில் பள்ளத்தின் ஆழத்தை மாற்றித்தான் ஈடுசெய்ய முடியும்.

அறிகுறி: இன்டனேஷனைச் சரிசெய்யச் சேடில் போதிய அளவு நகரவில்லை

புதிய தந்தி போடாமல் இதை அளப்பதில் பயனில்லை. 12-ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) அழுத்திய சுரத்தையும் ஒப்பிட்டு, அழுத்திய சுரம் கூடுதலாக இருந்தால் சேடிலைப் பின்னுக்கும், குறைவாக இருந்தால் முன்னுக்கும் நகர்த்த வேண்டும். திருகு முடிந்தும் சரிவரவில்லை என்றால் பிரிட்ஜ் பொருத்தப்பட்ட இடமே தவறு. நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட் வரையிலான தொலைவை இரண்டால் பெருக்கினால் கிட்டாரின் அளவுநீளம் வரும். ஃபெண்டர் வகையில் 648 மில்லிமீட்டர், கிப்சன் வகையில் ஏறத்தாழ 628. முதல் தந்தியின் சேடில் அந்த இடத்தை ஒட்டியும், மற்றவை தடிமனுக்கேற்பப் பின்தள்ளியும் நிற்க வேண்டும். முதல் தந்தியின் சேடிலை முன்பக்கமாக ஏறக்குறைய முழுதும் நகர்த்தி அந்த இடத்தில் வைத்துக் குறித்த பிறகே துளையிட வேண்டும். தவறிய துளைகளைக் கடின மரக் குச்சியால் பசையிட்டு அடைத்துவிட்டு மீண்டும் துளையிடலாம். பழைய துளையை ஒட்டியே புதியதைத் துளைத்தால் திருகு பழைய குழிக்குள் நழுவும்.

அறிகுறி: தந்திகள் பிக்கப்பின் துருவ முனைகளுக்கு மேலே வரவில்லை

பழைய ஸ்ட்ராட் வகைப் பிரிட்ஜில் ஓரத் தந்திகளுக்கு இடையே ஏறத்தாழ 57 மில்லிமீட்டர். நவீன வகைகளில் 52.5. ஹம்பக்கர்களில் 49 முதல் 50 மில்லிமீட்டர் துருவ அகலமும், ஃபெண்டர் அகலத்துக்கென வருபவற்றில் 51 முதல் 53 வரையும் இருக்கும். ஓரிரு மில்லிமீட்டர் விலகல் கண்ணை உறுத்தும் அளவுக்குக் காதை உறுத்துவதில்லை. காந்தப்புலம் துருவ முனைக்கு அப்பாலும் பரவியிருக்கிறது. ஓரத் தந்தியின் ஒலி உண்மையிலேயே விழுந்தால் மட்டும் கவலைப்படுங்கள். முதல் தந்தி விரற்பலகையின் விளிம்பிலிருந்து நழுவி விழுகிறது என்றால் அதைப் பொறுக்க முடியாது. திருகிச் சரிசெய்யவும் வழியில்லை. அளவு பொருந்தும் பிரிட்ஜாக மாற்றியே ஆக வேண்டும்.

அறிகுறி: ட்ரெமோலோவைப் பயன்படுத்திய பின் சுருதி திரும்பவில்லை

எல்லாத் தந்திகளும் ஒரே அளவில் விலகுகின்றனவா, ஒன்றிரண்டு மட்டுமா என்று முதலில் பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் என்றால் குறை பெரும்பாலும் பிரிட்ஜில் இல்லை, நட்டில் இருக்கிறது. தந்தியை வளைத்து விட்டால் சுருதி குறைவாகவும், ட்ரெமோலோ கைப்பிடியை அழுத்தி விட்டால் சுருதி கூடுதலாகவும் திரும்பினால், தந்தி நட்டின் பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது என்பது உறுதி. பள்ளத்தைத் தந்தியின் அளவுக்குச் சீராக்கிப் பென்சில் கரியைத் தடவினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எல்லாத் தந்திகளும் சேர்ந்து விலகினால் பிரிட்ஜின் சுழல்முனையைப் பாருங்கள். ஆறு திருகு வகையில் திருகுகளை மரத்தோடு இறுக்கிவிடுவதே வழக்கமான தவறு; தகடு தடையின்றிச் சாயும்படி திருகின் தலைக்குக் கீழே சிறு இடைவெளி இருக்க வேண்டும், நடு நான்கும் ஓர இரண்டைவிடச் சற்றுத் தளர்வாக இருக்கலாம். இரு தூண் வகையில் தந்திகள் இறுக்கமாக இருக்கும்போதே தூணைத் திருகி உயரத்தை மாற்றினால், பிரிட்ஜின் கத்திமுனை தூணில் உராய்ந்து மழுங்கிவிடும். மழுங்கிய முனை ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் அமரும். தந்திகளைத் தளர்த்திவிட்டே உயரத்தைத் தொடுங்கள். மிதக்கும் அமைப்பில் தகட்டின் பின்விளிம்பு உடலிலிருந்து ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் எழுந்திருப்பது ஃபெண்டரின் வழக்கமான அளவு. பின்புறக் கொக்கித் திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருகி, ஒவ்வொரு முறையும் முழுதாகச் சுருதி சேர்த்துவிட்டுத்தான் அடுத்த அளவைப் பார்க்க வேண்டும்.

புதிய பிரிட்ஜின் தகட்டுக்கு அடியில் உள்ள எஃகுக் கட்டி பழைய துத்தநாகக் கட்டியைவிட ஆழமானதாக இருந்தால், கைப்பிடியை அழுத்தும்போது குழியின் சுவரிலோ பின்மூடியிலோ இடிக்கும். மெல்லிய உடலுள்ள கிட்டார்களில் இது சாதாரணம். வாங்குவதற்கு முன் உடலின் தடிமனை அளப்பதைத் தவிர வேறு பரிகாரம் இல்லை. கட்டியும் சேடிலும் எந்த உலோகம் என்பதற்குக் கொடுக்கப்படும் முக்கியத்துவம் எனக்குச் சற்று மிகையாகவே படுகிறது. பித்தளைக்கும் எஃகுக்கும் வேறுபாடு உண்டு என்றாலும், தகடு மரத்தில் முழுதாகப் படிவதும், சேடில் தளராமல் நிற்பதும் தரும் வேறுபாடு அதைவிடப் பெரிது.

அறிகுறி: கோளாறு எதுவும் இல்லை, ஆனால் ஒலி பிடிக்கவில்லை

அளவுகள் எல்லாம் சரியாக இருந்து, கட்டமும் சரியாக இருந்து, ஒலி மட்டும் மனத்துக்கு ஒட்டவில்லை என்றால் ஓரிரு வாரம் உயரத்தை மட்டும் மாற்றி மாற்றி வாசித்துப் பாருங்கள். வால்யூமையும் டோனையும் முழுமையாகத் திறந்து வைத்தே பழகியவர்கள் 7, 8 என்ற அளவுகளிலும் கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் மாற்றலாம். அதற்காகவே பொருத்தும்போது பிக்கப்பின் வயரை வெட்டிக் குட்டையாக்காமல், மிஞ்சியதைச் சுருட்டிக் குழிக்குள் வைத்துக் கட்டிவிடுங்கள். முழு நீள வயரோடு இருக்கும் பிக்கப்பை வேறு கிட்டாரிலும் பொருத்தலாம், விற்கவும் செய்யலாம்.